டப்பாவுக்கு ஆங்கிலத்தில் என்ன?

தமிழ்நாட்டு வீடுகளில் 'டப்பா' செய்யாத வேலை இல்லை. கடுகு இருப்பது டப்பா. முகப் பவுடர் வருவது டப்பா. பிள்ளை பள்ளிக்கு எடுத்துப் போவது சாப்பாட்டு டப்பா. மாத்திரை டப்பா, மசாலா டப்பா, தீபாவளிப் பலகாரம் போடும் டப்பா எல்லாம் உண்டு. ஓடாத ஸ்கூட்டரும் டப்பா, ஓடாத சினிமாவும் டப்பா. இந்தி வழியாக வந்து சேர்ந்த இந்தச் சொல் நம் சமையலறைகளில் அவ்வளவு வசதியாக உட்கார்ந்துவிட்டது. சிக்கல் எங்கே வருகிறதென்றால், இதை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டிய நாட்டில் குடியேறும்போதுதான். டின், கேன், ஜார், பாக்ஸ், டப், கேனிஸ்டர், கன்டெய்னர் என்று குறைந்தது ஏழு சொற்கள் எதிரே வந்து நிற்கின்றன. ஒன்றின் இடத்தில் இன்னொன்றைச் சொன்னால் கடைக்காரர் புருவத்தை உயர்த்துகிறார்.

சில ஆண்டுகளாக டொராண்டோவில் வார இறுதிகளில் தமிழ் முதியோர் சிலருக்குப் பேச்சு ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். வருகிறவர்களில் பாதிப்பேர் ஈழத்திலிருந்து வந்தவர்கள், மீதிப்பேர் தமிழ்நாட்டிலிருந்து பிள்ளைகளோடு இருக்க வந்த பெற்றோர். அவர்களிடம் நான் கண்ட ஒரு விசித்திரம் உண்டு. 'அப்பாயின்ட்மென்ட்', 'பென்ஷன்', 'சிட்டிசன்ஷிப்' போன்ற கனமான சொற்களெல்லாம் அவர்களுக்குத் தண்ணீர்பட்ட பாடு. ஆனால் கையில் தினமும் புழங்கும் பாத்திரத்துக்குப் பெயர் தெரியாது. "மாஸ்டர், உலக விசயமெல்லாம் இங்கிலிசில கதைப்பன். குசினிக்குள்ள போனா ஊமை" என்றார் ஓர் அம்மா. காரணம் எளிது. பள்ளிக்கூட ஆங்கிலம் நமக்குக் கட்டுரை எழுதக் கற்றுக் கொடுத்தது. சமையலறையில் என்ன இருக்கிறது என்று சொல்லித் தரவில்லை. வீட்டுச் சொற்களை ஒரு மொழியில் தாய்தான் கற்றுக் கொடுப்பாள். அந்த மொழியில் நமக்குத் தாய் இல்லை.

அந்த வகுப்புகளில் திரட்டியதை ஓர் ஒழுங்கில் இங்கே தருகிறேன்.

பெயரிடுவதில் என்ன கஷ்டம்?

முதலில் ஓர் ஆறுதல். கலன்களின் பெயர் குழப்புவது அறிவுக் குறைவால் அல்ல. அந்தப் பெயர்களின் எல்லைகளே வழவழப்பானவை. அமெரிக்க மொழியியலாளர் வில்லியம் லபோவ் 1973இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இத்துறையில் புகழ்பெற்றது. கோப்பை போன்ற படங்களை வரைந்து, அகலத்தையும் உயரத்தையும் சிறிது சிறிதாக மாற்றி, ஆங்கிலம் தாய்மொழியானவர்களிடமே காட்டி, இதன் பெயர் என்ன என்று கேட்டார். அகலம் கூடக்கூட 'கப்' என்று சொன்னவர்கள் குறைந்து 'போல்' என்று சொன்னவர்கள் கூடினார்கள். இரண்டுக்கும் இடையே தெளிவான கோடு எதுவும் இல்லை. அதைவிடச் சுவையானது அடுத்த பகுதி. அதே படத்தைக் காட்டி, இதில் மசித்த உருளைக்கிழங்கு இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள் என்றதும், முன்பு 'கப்' என்று சொன்னவர்களில் பலர் 'போல்' என்றார்கள். பூ இருப்பதாக நினைக்கச் சொன்னதும் 'வேஸ்' என்ற பெயர் வந்தது. ஆக, பெயரைத் தீர்மானிப்பது வடிவம் மட்டுமல்ல, உள்ளே இருப்பதும்தான்.

1999இல் பார்பரா மால்ட், ஸ்டீவன் ஸ்லோமன் முதலியோர் வெளியிட்ட இன்னோர் ஆய்வு நம் கதைக்கு மிக நெருக்கமானது. 60 சாதாரண வீட்டுக் கலன்களை ஆங்கிலம், சீனம், ஸ்பானிஷ் பேசுவோரிடம் காட்டினார்கள். எவை எவற்றைப் போல இருக்கின்றன என்று கேட்டபோது மூன்று மொழிக்காரர்களும் ஏறக்குறைய ஒரே மாதிரி பதில் சொன்னார்கள். பெயர் சொல்லச் சொன்னபோது ஒவ்வொரு மொழியும் வெவ்வேறு விதமாகப் பிரித்தது. அதே ஆய்வாளர்கள் 2003இல் ஆங்கிலத்தைப் பிற்பாடு கற்றவர்களை ஆராய்ந்தபோது, பல ஆண்டுகள் ஆங்கிலச் சூழலில் வாழ்ந்தவர்களும் இந்தப் பெயர்களைத் தாய்மொழிக்காரர்கள் போல முழுக்கப் பயன்படுத்தவில்லை என்று கண்டார்கள். எனவே இருபது வருடம் லண்டனில் இருந்தவர் 'ஜார்' என்பதா 'பாட்டில்' என்பதா என்று தயங்கினால் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மூன்று கேள்விகள்

அகராதியைத் திறந்து வரிசையாக மனப்பாடம் செய்வதில் பயனில்லை. ஒரு கலனைக் கையில் எடுத்ததும் மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்ளச் சொல்வேன். எதனால் ஆனது? வாயும் மூடியும் பிடியும் எப்படி? உள்ளே என்ன?

கழுத்து ஒடுங்கி, ஊற்றுவதற்கு வசதியாக இருந்தால் 'பாட்டில்'. ஈழத்தவரும் மலேசிய, சிங்கப்பூர்த் தமிழரும் 'போத்தல்' என்கிறார்கள். வாய் அகன்று, கையோ கரண்டியோ உள்ளே போகுமாறு இருந்து, திருகு மூடியும் இருந்தால் 'ஜார்'. ஊறுகாய், ஜாம், தேன் எல்லாம் ஜாரில் வரும். 'ஜார்' என்ற சொல் அரபு மொழியின் 'ஜர்ரா'விலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. அமெரிக்காவில் 'மேசன் ஜார்' என்று ஒன்று அடிக்கடி கேட்கலாம். ஜான் லாண்டிஸ் மேசன் என்பவர் 1858இல் காப்புரிமை பெற்ற திருகு மூடிக் கண்ணாடி ஜார் அது. நம் ஊறுகாய்க்கு மிகப் பொருத்தம்.

மெல்லிய பிளாஸ்டிக்கில் அகன்ற வாயும் அமுக்கு மூடியும் இருந்தால் 'டப்'. ஐஸ்கிரீமும் மார்ஜரினும் இதில்தான் வரும். நம் வீட்டு உறைபெட்டியில் ஐஸ்கிரீம் டப்பைத் திறந்தால் உள்ளே சாம்பார் இருக்கும் என்பது வேறு விஷயம். 'டப்' வேறு, 'டியூப்' வேறு. பற்பசை வருவது டியூப். தயிர் வரும் சிறு கிண்ணம் பிரிட்டனில் 'பாட்', வட அமெரிக்காவில் 'கப்' அல்லது 'கன்டெய்னர்'. கெட்டி அட்டையில் பாலோ பழச்சாறோ வந்தால் 'கார்ட்டன்'. முட்டை வரும் அட்டைப் பெட்டி அமெரிக்காவில் 'கார்ட்டன்', பிரிட்டனில் 'எக் பாக்ஸ்'. ஸ்ட்ராபெரி வரும் சிறு பெட்டியைப் பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் 'பன்னெட்' என்கிறார்கள். வட அமெரிக்காவில் அந்தச் சொல்லைச் சொன்னால் பலருக்கும் புரியாது. ஒரு தடவைக்கான ஷாம்பு, காப்பித்தூள் வரும் சிறு உறை 'சாஷே'. மாவு, சர்க்கரை, தேயிலை ஆகியவற்றை மேடைமேல் வரிசையாக வைக்கும் மூடியுள்ள உயரமான டப்பா 'கேனிஸ்டர்'. இந்தச் சொல்லின் மூலம் கிரேக்கத்தில் நாணலால் முடைந்த கூடை. நாணல் போய்த் தகரம் வந்த பிறகும் பெயர் நின்றுவிட்டது.

எதுவும் நினைவுக்கு வராவிட்டால் 'கன்டெய்னர்' என்ற பொதுச்சொல் எப்போதும் காப்பாற்றும். தமிழில் கன்டெய்னர் என்றால் லாரியும் கப்பலும்தான் நினைவுக்கு வரும். ஆங்கிலத்தில் அது சமையலறைச் சொல்லும்கூட. 'எ பிளாஸ்டிக் கன்டெய்னர் வித் எ லிட்' என்றால் எந்தக் கடையிலும் புரிந்துகொள்வார்கள்.

மூடிக்கும் மூன்று பெயர் உண்டு என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜாருக்கும் சட்டிக்கும் 'லிட்'. பாட்டிலுக்குக் 'கேப்'. உள்ளே செருகி அடைப்பது 'ஸ்டாப்பர்', தக்கையானால் 'கார்க்'.

டின்னா, கேனா?

தகரத்தில் அடைத்த உணவைப் பிரிட்டனில் 'டின்' என்கிறார்கள், அமெரிக்காவில் 'கேன்' என்கிறார்கள். 'டின் கேனிஸ்டர்' என்ற தொடரின் முன்பாதியை இங்கிலாந்தும் பின்பாதியை அமெரிக்காவும் பங்கு பிரித்துக்கொண்டன என்று சொல்வது வழக்கம். ஆனால் பிரிட்டனிலும் குளிர்பானமும் பீரும் வருவது 'கேன்'தான். யாழ்ப்பாணத்தில் இதற்குப் 'பேணி' என்ற நல்ல சொல் உண்டு. மூக்குப் பேணியில் தேநீர் குடித்த தலைமுறை தகரத்துக்கும் அதே பெயரை நீட்டிக்கொண்டது.

தகரத்தில் உணவை அடைக்கும் முறைக்கு பீட்டர் டூராண்ட் 1810இல் பிரிட்டனில் காப்புரிமை பெற்றார். அதைத் திறப்பதற்கென்று தனிக் கருவி வந்தது 1850களில்தான். இடைப்பட்ட நாற்பது சொச்ச ஆண்டுகள் உளியும் சுத்தியலும்தான்.

அலங்காரமாக அச்சடித்த, மறுபடி மறுபடி மூடித் திறக்கும் தகரப் பெட்டியை அமெரிக்கர்களும் 'டின்' என்பார்கள். டேனிஷ் பிஸ்கட் வரும் நீல நிறப் பெட்டி அந்த வகை. பிஸ்கட் தீர்ந்ததும் அது ஊசி நூல் பெட்டியாகிவிடுவது தமிழர் வீட்டு வழக்கம் மட்டும் என்று நினைத்திருந்தேன். பிலிப்பைன்ஸ்காரர்களும் போலந்துக்காரர்களும் தங்கள் வீட்டிலும் அப்படித்தான் என்கிறார்கள்.

பிடியுள்ளவை

மேலே வளைந்த கம்பிப் பிடி இருந்தால் 'பக்கெட்'. நம் வாளி. இதையே 'பெயில்' என்றும் சொல்வார்கள். அமெரிக்காவில் வடக்கே 'பெயில்', தெற்கே 'பக்கெட்' என்பது பழைய வட்டார வழக்கு. பிரிட்டனில் 'பெயில்' பெரும்பாலும் குழந்தைப் பாட்டோடு நின்றுவிட்டது.

பக்கவாட்டில் பிடியும் ஊற்ற ஒரு மூக்கும் இருந்தால் பிரிட்டனில் 'ஜக்'. அதே பொருள் அமெரிக்காவில் 'பிட்சர்'. அமெரிக்காவில் 'ஜக்' என்றால் ஒரு காலன் பால் வரும், சிறு கழுத்தும் சிறு பிடியும் உள்ள பிளாஸ்டிக் கலன். அந்தக் காலனும் ஒன்றல்ல. அமெரிக்கக் காலன் 3.785 லிட்டர், பிரிட்டிஷ் காலன் 4.546 லிட்டர். ஒன்டாரியோவுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு இன்னோர் அதிசயம் காத்திருக்கிறது. இங்கே 4 லிட்டர் பால் மூன்று பிளாஸ்டிக் பைகளில் வருகிறது. ஒவ்வொன்றிலும் 1.33 லிட்டர். பையை அப்படியே பிட்சருக்குள் நிறுத்தி, மூலையைக் கத்தரித்து ஊற்ற வேண்டும். ஆவின் பாக்கெட்டில் பழகிய நமக்கு இது ஒன்றும் புதிதல்ல, வெள்ளைக்காரர்கள்தான் சிரிக்கிறார்கள்.

'மக்' என்றால் தமிழ்நாட்டில் குளியலறை. ஆங்கில நாடுகளில் மக் என்றால் காப்பி குடிக்கும் கனமான கோப்பை. கடையில் போய்க் குளிக்க மக் வேண்டும் என்றால் விற்பவர் திகைப்பார். 'பிளாஸ்டிக் மெஷரிங் ஜக்' என்று கேட்டு வாங்கிக்கொள்வது பல வீடுகளில் நடைமுறை.

'டம்ளர்' நாம் சுவீகரித்த சொல். ஆங்கிலத்தில் 'டம்பிள்' என்றால் உருள்வது, கவிழ்வது. அடிப்பாகம் உருண்டையாகவோ கூராகவோ இருந்து, குடித்து முடிக்கும்வரை கீழே வைக்க முடியாத பழைய குவளைக்கு வந்த பெயர் அது. இன்று வட அமெரிக்காவில் டம்ளர் என்றால் பெரும்பாலும் மூடியும் உறிஞ்சு குழலும் வைத்த, சூடு தணியாத உயரமான குவளை. எனவே நம் காப்பி டம்ளரைக் கேட்டு அதை வாங்கி வராதீர்கள். டபராவுக்கு ஆங்கிலத்தில் பெயரே இல்லை. அதை டபரா என்றே சொல்லிவிடுவது உத்தமம்.

நாட்டுக்கு நாடு மாறும் சொற்கள்

'பிளாஸ்க்' என்றால் நமக்கு ஆஸ்பத்திரிக்கு வெந்நீர் கொண்டுபோவது. பிரிட்டனிலும் அதே பொருள்தான். அமெரிக்காவில் தனியாகப் பிளாஸ்க் என்றால் சட்டைப்பைக்குள் மது மறைத்து வைக்கும் சப்பைப் புட்டி என்று நினைப்பவர்கள் உண்டு. அலுவலகத்தில் 'என் பிளாஸ்க்கில் கொஞ்சம் இருக்கிறது, வேண்டுமா?' என்று அன்பாகக் கேட்குமுன் யோசியுங்கள். அங்கே 'தெர்மோஸ்' என்பதே பேச்சுவழக்கு. வெற்றிடப் புட்டியை ஜேம்ஸ் டூவர் 1892இல் உருவாக்கினார். 1904இல் ஜெர்மனியில் 'தெர்மோஸ்' என்ற வணிகப் பெயர் சூட்டப்பட்டது. மக்கள் எல்லாப் புட்டியையும் அப்படியே அழைத்ததால், அது பொதுச்சொல்லாகிவிட்டது என்று 1963இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. 'டப்பர்வேர்' கதையும் இதைப் போன்றதுதான். ஏர்ல் டப்பர் 1946இல் சந்தைக்குக் கொண்டுவந்த காற்றுப்புகா டப்பாக்கள் அவை. அந்த நிறுவனம் 2024இல் திவால் பாதுகாப்பு கோரியது. ஆனால் விருந்து முடிந்து மிச்சச் சாப்பாடு கட்டும்போது, எந்தக் கம்பெனி டப்பாவானாலும் 'டப்பர்வேர்' என்றுதான் கேட்கிறார்கள்.

'ஹேம்பர்' அமெரிக்காவிலும் கனடாவிலும் அழுக்குத் துணிக்கூடை. பிரிட்டனில் கிறிஸ்துமஸுக்குத் தின்பண்டம் நிரப்பிப் பரிசளிக்கும் மூடிக்கூடை. 'பின்' பிரிட்டனில் குப்பைத் தொட்டி, அமெரிக்காவில் சாமான் போட்டு வைக்கும் பெட்டியும் ஆகலாம். குப்பைக்கு அங்கே 'டிராஷ் கேன்', கனடாவில் 'கார்பேஜ்'. 'டஸ்ட்பின்' என்பதை இந்தியர்கள் விடாமல் பிடித்திருக்கிறோம். நிலக்கரி அடுப்புச் சாம்பலை டஸ்ட் என்று அழைத்த காலத்துப் பெயர் அது. ஐஸ் போட்டுக் கடற்கரைக்குக் கொண்டுபோகும் பெட்டி அமெரிக்காவில் 'கூலர்', பிரிட்டனில் 'கூல் பாக்ஸ்', ஆஸ்திரேலியாவில் 'எஸ்கி', நியூசிலாந்தில் 'சில்லி பின்'.

'டிபன்' விஷயத்திலும் எச்சரிக்கை தேவை. பிரிட்டனில் 'டிபன்' என்ற பெயரில் சாக்லேட்டும் பிஸ்கட்டும் சேர்த்துச் செய்த ஒரு துண்டு இனிப்பை விற்கிறார்கள். அடுக்கு டிபன் கேரியரைச் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் மலாய்ச் சொல்லால் 'திங்காட்' என்பார்கள்.

நாமே செய்த ஆங்கிலம்

சில சொற்களை ஆங்கிலம் என்று நம்பியே நாம் விமானம் ஏறுகிறோம். 'எவர்சில்வர்' அவற்றில் முதல். ஆங்கிலேயருக்கு அது தெரியாது. 'ஸ்டெய்ன்லெஸ் ஸ்டீல்' என்றால்தான் புரியும். 'வெசல்' இரண்டாவது. 'வெசல்ஸ் கழுவுகிறேன்' என்றால் இங்கே கப்பலோ இரத்தக்குழாயோ மனதில் வரும். அமெரிக்காவில் 'டூயிங் த டிஷஸ்', பிரிட்டனில் 'வாஷிங் அப்'. பாத்திரங்களைச் சேர்த்துச் சொன்னால் 'பாட்ஸ் அண்ட் பேன்ஸ்'. 'கவர்' மூன்றாவது. கடையில் சாமான் போட்டுத் தருவது 'பேக்', கடிதம் போடுவது 'என்வலப்'. கவர் என்று கேட்டால் போர்வையோ உறையோ எடுத்து வருவார்கள்.

உச்சரிப்பிலும் இரண்டு கண்ணிகள். 'பாக்கெட்' என்று தமிழில் ஒரே மாதிரி எழுதுவது ஆங்கிலத்தில் இரண்டு சொல். சட்டைப்பைக்கு முதல் எழுத்து 'பா'வுக்கும் 'பொ'வுக்கும் இடையில் நிற்கும். பொட்டலத்துக்கு 'பே'யை ஒட்டி வாய் அகன்று ஒலிக்க வேண்டும். இரண்டாவது கிண்ணம். நாம் அதைப் 'பவுல்' என்கிறோம். ஆங்கிலக் காதுக்கு அது குடல் என்று கேட்கும். 'கோல்', 'ரோல்' என்பவற்றோடு எதுகை சேருமாறு 'போல்' என்று சொல்ல வேண்டும். உணவகத்தில் 'சூடான ஒரு பவுல் கொண்டு வா' என்று கேட்பதன் விபரீதத்தை வகுப்பில் சொன்னபோது சிரிப்பு அடங்கப் பத்து நிமிடம் ஆனது. அதற்குப் பிறகு அந்தச் சொல்லை யாரும் தவறாகச் சொல்லவில்லை.

டீ கப்பும் கப் டீயும்

இலக்கணத்தில் ஒன்றே ஒன்று. 'டீ கப்' என்றால் பாத்திரம், காலியாகவும் இருக்கலாம். 'கப் ஆஃப் டீ' என்றால் உள்ளே தேநீர் இருக்கிறது. 'ஜாம் ஜார்' என்பது ஜாடி, 'ஜார் ஆஃப் ஜாம்' என்பது ஜாம். நமக்கு இது புரியாத கணக்கல்ல. 'தேநீர்க் கோப்பை'க்கும் 'ஒரு கோப்பை தேநீர்'க்கும் உள்ள வேறுபாடுதான். ஆனாலும் அவசரத்தில் மாறிவிடுகிறது. டொராண்டோ உணவகச் சமையலறைகளில் நம் பிள்ளைகள் எத்தனையோ பேர் வேலை செய்திருக்கிறார்கள். 'வாட்டர் பக்கெட்' கேட்டவருக்கு வெறும் வாளி வந்தால் நேரம் வீண். அங்கே வேலைக்குப் போகிறவர்கள் மேலும் மூன்று சொற்களைத் தெரிந்துகொள்வது நல்லது. நம் அண்டாவைப் போன்றது 'ஸ்டாக் பாட்'. வடிதட்டு 'கோலண்டர்'. எச்சில் தட்டுகளைச் சேர்க்கும் பிளாஸ்டிக் தொட்டி 'பஸ் டப்'.

விளையாட்டல்லாத பகுதி

இத்தனை நேரம் சிரித்துக்கொண்டே வந்தோம். இந்தச் சொற்களை நான் வலியுறுத்திச் சொல்லித் தருவதற்கு வேறு காரணம் உண்டு.

காலிக் கலனை எறிய நமக்கு மனம் வராது. ஹார்லிக்ஸ் பாட்டிலில் பருப்பும், குளிர்பானப் பாட்டிலில் பினாயிலும் ஊற்றி வைத்து வளர்ந்தவர்கள் நாம். பருப்பினால் கெடுதல் இல்லை. குளிர்பானப் பாட்டிலில் இருக்கும் துப்புரவுத் திரவத்தைப் பேரப்பிள்ளை குளிர்பானம் என்றுதான் நினைக்கும். அத்தகைய திரவங்களின் வில்லையில் 'கீப் இன் ஒரிஜினல் கன்டெய்னர்' என்று அச்சிட்டிருப்பது இதற்காகத்தான். வந்த கலனிலேயே வைத்திருங்கள் என்று பொருள். அது வெறும் பேச்சல்ல. நச்சு உதவி எண்ணை அழைத்தால், பிள்ளை குடித்தது என்ன, எவ்வளவு, கலனில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்பார்கள். பகலில் மகனும் மருமகளும் வேலைக்குப் போனபின் வீட்டில் பிள்ளையோடு இருப்பது பாட்டிதான். பதில் சொல்ல வேண்டியவளும் அவள்தான். அசல் கலன் கையில் இருந்தால், எழுத்துக்கூட்டிப் படித்தாவது சொல்லிவிடலாம். அமெரிக்காவில் அந்த எண் 1-800-222-1222. ஆஸ்திரேலியாவில் 13 11 26. கனடாவில் 1-844-764-7669, கியூபெக் மாநிலத்துக்கு மட்டும் தனி எண். பிரிட்டனில் 111. பிள்ளை மயங்கினாலோ மூச்சுத் திணறினாலோ நேரே அவசர ஊர்திக்கு அழைக்க வேண்டும். குளிர்பெட்டிக் கதவில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

மருந்திலும் அப்படியே. 'ஒரு ஸ்பூன்' என்பது தமிழில் ஓர் அளவு. ஆங்கிலத்தில் டீஸ்பூன் 5 மில்லி லிட்டர், டேபிள்ஸ்பூன் 15 மில்லி லிட்டர். ஆஸ்திரேலியாவில் டேபிள்ஸ்பூன் 20 மில்லி லிட்டர். மூன்று மடங்கோ நான்கு மடங்கோ மருந்து குழந்தையின் உடம்பில் போவதற்கு ஒரு சொல் மாறினால் போதும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2015இல் திரவ மருந்துகளை மில்லி லிட்டரில் மட்டுமே குறிப்பிட வேண்டும் என்று பரிந்துரைத்ததும் இதனால்தான். மருந்தோடு வரும் சிறு அளவுக் கோப்பையையோ ஊசியில்லாச் சிரிஞ்சையோ தவிர வேறு எதிலும் ஊற்றாதீர்கள்.

இன்னும் ஒன்று. மருத்துவமனையில் படுத்திருப்பவருக்கு வாந்தி வருகிறது. ஏதாவது பாத்திரம் வேண்டும். வட அமெரிக்காவில் 'பேசின்', பிரிட்டனில் 'சிக் போல்'. படுக்கையிலேயே சிறுநீர், மலம் கழிக்க வேண்டுமானால் 'பெட்பேன்'. இந்த மூன்று சொற்களையும் முதல் வகுப்பிலேயே சொல்லித் தந்துவிடுகிறேன். நாற்பது வருடம் ஆசிரியையாக இருந்த ஓர் அம்மா, அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அந்தச் சொல் வாயில் வராமல், மகள் வரும்வரை அடக்கிக்கொண்டு கிடந்ததாகச் சொன்னார். "ஷேக்ஸ்பியர் படிப்பிச்சனான் தம்பி" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் முதல் வரிசையில் வந்து உட்கார்ந்து, பெட்பேன் என்று நோட்டில் பெரிய எழுத்தில் எழுதிக்கொண்டார்.

கடனும் வரவும்

நாம் மட்டும் வாங்குகிறவர்கள் அல்லர். யூலும் பர்னலும் 1886இல் வெளியிட்ட 'ஹாப்சன் ஜாப்சன்' அகராதியில் 'சட்டி' ஓர் ஆங்கிலச் சொல்லாக இடம் பெற்றிருக்கிறது. மண்பானையைக் குறிக்க ஆங்கிலேயர்கள் நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டது. பிரிட்டனில் சமையலறைக் கழிவு போட நகராட்சி தரும் சிறு டப்பாவுக்குக் 'கேடி' என்று பெயர். முன்பு தேயிலைப் பெட்டிக்கு இருந்த பெயர் அது. மூலம் மலாய் மொழியின் 'காத்தி' என்ற நிறுத்தல் அளவு, ஏறத்தாழ 600 கிராம். நம் அலமாரியும் பீப்பாயும் போர்த்துக்கீசியர் விட்டுச் சென்றவை. கூஜா பாரசீக வழி வந்தது. பாத்திரங்கள் கப்பலேறும்போது பெயர்களும் கூடவே ஏறுகின்றன.

ஆங்கிலம் ஏழாகப் பிரிப்பதை நாம் டப்பா என்று ஒன்றாக்கினோம் என்றேன். மறுபக்கமும் உண்டு. ஆங்கிலம் 'பாட்' என்று ஒரே சொல்லில் அடக்குவதை நாம் எத்தனையாகப் பிரித்திருக்கிறோம் பாருங்கள். சோறு வடிப்பது பானை, குழம்பு வைப்பது சட்டி, இடுப்பில் ஏறுவது குடம், கிணற்றில் இறங்குவது தோண்டி, கள் இறக்குவது கலயம், கல்யாணத்துக்கு அண்டா, வெந்நீருக்குத் தவலை, கைக்கு அடக்கமாகச் செம்பு. தானியத்துக்குக் குதிரும் பத்தாயமும். ஒவ்வொன்றுக்கும் ஓர் இடமும் ஒரு வேலையும் இருந்தது. பிள்ளைகளிடம் இவற்றைச் சொன்னால் எல்லாவற்றுக்கும் 'பாட்' என்கிறார்கள். தண்ணீர் குழாயில் வரும் நாட்டில் குடத்துக்கு என்ன தேவை என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம்தான்.

வகுப்பில் நான் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து ஒரு பாத்திரம் கொண்டுவர வேண்டும். அதன் ஆங்கிலப் பெயரை நான் சொல்வேன். அதன் தமிழ்ப் பெயரை, தங்கள் ஊரில் வழங்கும் பெயரை, அவர்கள் சொல்ல வேண்டும். கூட வரும் பேரப்பிள்ளைகள் இரண்டையும் ஒரே தாளில் இரு பக்கமாக எழுதுகிறார்கள். ஒரு பக்கம் எழுத எழுத நீள்கிறது. மறுபக்கத்தில் பேணி, ஏனம், கும்பா, சருவச்சட்டி என்று நானே கேட்டிராத பெயர்களும் வருகின்றன. பாட்டிக்கு ஆங்கிலம் வருகிறது, பேரனுக்குத் தமிழ் வருகிறது. செலவு ஒரு தாள்.